ஐந்து பேரில் முதல் பெயர்

எவெலியோ கராபல்லோவின் வலது கையில் நேராக இருக்கும் விரல் கட்டைவிரல் மட்டும்தான். மற்ற நான்கும் பதினான்கு வருஷம் பேஸ்பாலில் மட்டைக்காரனுக்குப் பின்னால் கேட்சராகக் குந்தி உட்கார்ந்து பந்து பிடித்ததில் ஆளுக்கொரு திசையில் போய்விட்டன. அதற்காக அவருக்கு ஊரில் பெரிய பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். பழைய மாகாண அணியில் அவர் இரண்டாவது கேட்சர். முதல் கேட்சருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் இவருக்கு ஆட்டம் வரும். பதினான்கு வருஷத்தில் மைதானத்துக்கு வெளியே பந்தை அடித்தது ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு ஹோம் ரன். அன்றைக்குப் புயல் காற்று என்று ஊரில் இன்னும் சொல்வார்கள்.

ஆனால் ஆட்டக்காரனை எடை போடுவதில் அவரை மிஞ்ச சாந்தா லுக்ரேசியாவில் ஆள் இல்லை. மட்டையோடு ஒருவன் நடந்து வருவதைப் பார்த்தே அவனுக்கு எந்த முழங்கால் வலிக்கிறது, நேற்றைக்குப் பெண்டாட்டியோடு சண்டையா என்பதுவரை சொல்லிவிடுவார். பஸ் டிப்போவில் வண்டிகளுக்கு நேரம் குறித்து அனுப்புகிற வேலை. மனைவி நிதியா இறந்து ஏழு வருஷம். ஒரே மகள் யமிலே. அறுபத்தொரு வயதில் அவரிடம் இருந்த செல்வம் மொத்தமும் அந்தக் கண்ணும் அந்தப் பெண்ணும்தான்.

அந்த வருஷம் மாகாணத்தை இரண்டாக வெட்டினார்கள். கரும்புக்காடும் சர்க்கரை ஆலையும் தவிர வேறொன்றும் அறியாத சாந்தா லுக்ரேசியா ஒரே நாளில் மாகாணத் தலைநகரம் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் புதுப் பலகை வந்தது, அலுவலகத்துக்குப் புது முத்திரை வந்தது. ஊர்க்காரர்கள் அதையெல்லாம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இனி நமக்கென்று ஒரு பேஸ்பால் அணி வரும் என்பதுதான் சேதி. அதுவரை பழைய தலைநகரில் இருந்த நகரத்துக்காரனின் சட்டையைப் போட்டுக்கொண்டு, நகரத்துக்காரனிடமே 'கரும்புச் சக்கைகள்' என்று பெயர் வாங்கி ஆடிய ஊர் இது.

அணியைப் பிரிப்பதற்கு ஒரு விதி போட்டார்கள். பழைய அணியிலிருந்து இரண்டு மாகாணங்களும் முதலில் ஐந்து ஐந்து பெயர்களை எழுதித் தர வேண்டும். அந்த ஐவர்மேல் எதிர்த் தரப்பு கை வைக்க முடியாது. மிச்சப் பேரைக் குவியலாகப் போட்டு ஒவ்வொருவராகப் பங்கிட்டுக்கொள்ளலாம். அந்த ஐவரைத் தேர்ந்தெடுக்கிற குழுவில் எவெலியோவையும் போட்டார்கள். அவர் வாழ்க்கையில் அவரை யாரும் முதல் வரிசையில் உட்கார வைத்தது அதுதான் முதல் தடவை.

ஊர்ப் பூங்காவில் லாரல் மரத்தடியில் நான்கு பெஞ்சுகள் உண்டு. காலை பத்து மணி முதல் மதியச் சாப்பாடு வரை அங்கே ஆண்கள் பேஸ்பால் பேசுவார்கள். பேசுவார்கள் என்று நான் சொல்வது மரியாதைக்கு. புதிதாகப் பார்க்கிறவன் கொலை விழப்போகிறது என்று ஓடிவிடுவான். அங்கே எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. ஆடிக்கொண்டிருக்கிற நம் ஆளை யாரும் புகழ்வதில்லை, திட்டத்தான் வேண்டும். எவனை வாய் வலிக்கத் திட்டுகிறோமோ அவன்தான் நம் செல்லப் பிள்ளை. நல்ல வார்த்தையெல்லாம் இரண்டு சாதியாருக்கு மட்டும். ஒன்று, செத்துப்போனவர்கள். இன்னொன்று, கடலைத் தாண்டி அந்தப் பக்கம் போனவர்கள். அவர்களைப் பற்றிப் பேசும்போது குரல் தானாகத் தாழ்ந்துவிடும்.

அந்தத் திங்கட்கிழமை பூங்காவில் ஒரே கூச்சல். யாரை வைத்து அணியைக் கட்டுவது?

"அஞ்சுல மூணு பேரு பிட்சரா இருக்கணும்," என்றார் முடிதிருத்துகிற ஃபெர்மின். முப்பது வருஷமாக எவெலியோவுக்கு எதிர்ப் பாட்டு பாடுகிறவர். "பந்து போடுறவன் இல்லாம நீ யாரை வச்சு என்ன செய்வே?"

"பிட்சர் கை இந்த வருஷம் இருக்கும், அடுத்த வருஷம் இருக்காது. அதை நம்பி வீடு கட்டச் சொல்றியா? உன் கத்திரியை நம்பித் தலையைக் குடுக்கிற மாதிரிதான்."

"சரி, நீயே சொல்லு பெரிசு. பதினாலு வருஷம் பெஞ்சைத் தேச்சவன் நீ. உனக்குத் தெரியாததா?"

"முதுகெலும்பு," என்றார் எவெலியோ, தன் முதுகையே தட்டிக் காட்டி. "கேட்சர், ரெண்டாவது பேஸ், ஷார்ட், அதுக்குப் பின்னால நடு மைதானம். இந்த நாலும் நேரா நின்னா, ஓரத்துல உன்னை நிறுத்தினாக்கூட அணி விழாது. அதுலயும் ஷார்ட்தான் இடுப்பு எலும்பு. மட்டைக்காரன் அடிக்கிறதுல பாதி அங்கதான் உருண்டு வரும்."

"அப்ப ஷார்ட்டுல உன் மாப்பிள்ளையைத்தான் போடுவே."

"அந்தச் சோம்பேறிக் கன்னுக்குட்டியையா? குனியச் சொன்னா ஜாதகம் பாக்கிறான். சினைமாடு அவனைவிட வேகமா ஓடும். என் பொண்ணு தலையெழுத்து, அவனைக் கட்டிக்கிட்டா."

பெஞ்சே குலுங்கிச் சிரித்தது. ரெய்னெல் என்கிற அந்தக் கன்றுக்குட்டிக்கு இருபத்தைந்து வயது, இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே ஷார்ட் என்கிற இடத்தில் தீவிலேயே அவனைப் போல் நிற்க இரண்டு பேர் தேறமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பட்டியலில் முதல் பெயர் அவனுடையதுதான் என்பதும் அந்தத் திட்டிலேயே எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

மறுநாள் பிற்பகல் யமிலே வந்தாள். அப்பாவின் துணியைத் துவைத்துப் போட செவ்வாய்க்கிழமைதோறும் வருவாள். ஒரு பாத்திரத்தில் கறுப்பு பீன்ஸும் சோறும் கொண்டுவந்து அடுப்பின் மேல் வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனாள். மூன்று மாதக் கர்ப்பம், வெளியே தெரியவில்லை. எவெலியோ கதவோரம் நாற்காலி போட்டு, ஒரு தாளில் பெயர்களை எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தார்.

ஒரே சட்டையை அவள் வெகு நேரம் பிழிந்துகொண்டிருந்தாள்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை நாங்க போறோம்."

எங்கே என்று அந்த ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். வெறுமனே 'போறோம்' என்றால் அது கடல்தான், அரசுக்குத் தெரியாமல் படகேறித் தீவை விட்டே போவது.

எவெலியோவின் முகம் அசையவில்லை. கேட்சராக இருந்தவன் முகம் அது. எதிராளி மட்டையோடு பக்கத்தில் நிற்கையில் எதையும் காட்டாமல் இருந்து பழகியது.

"எத்தனை பேரு?"

"ஒம்பது."

"படகு நல்லதா?"

"ரெய்னெல் பாத்துட்டான். நல்லதுதான்னு சொல்றான்."

"ராத்திரி காத்து சில்லுனு இருக்கும். அம்மாவோட கம்பளிச் சால்வை பெட்டியில கிடக்கு. எடுத்துட்டுப் போ."

அவள் சட்டையைக் கொடியில் போட்டாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து அவர் எதிரில் நின்றாள்.

"வேற ஒண்ணும் சொல்லமாட்டியா அப்பா?"

"யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன். நீ பயப்படாதே."

அவள் இன்னும் கொஞ்சம் நின்றாள். பிறகு சால்வையை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் போன பிறகு எவெலியோ கையிலிருந்த தாளைப் பார்த்தார். மேலே 'ரெய்னெல்' என்று எழுதியிருந்தது. வெள்ளிக்கிழமை பட்டியலைக் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை படகு.

இப்படி ஒரு முடிச்சில் மனுஷனைக் கடவுள் மாட்டிவிடலாமா? அறுபது வருஷம் காத்திருந்து ஊருக்குக் கிடைத்த அணி. இரண்டே நாளில் காணாமல் போகப்போகிறவனை அதற்கு இடுப்பு எலும்பாக எழுதினால், தெரிந்தே குழியின் மேல் சுவர் எழுப்புகிற வேலை. எழுதாமல் விட்டால்? தீவின் சிறந்த ஷார்ட்டை, அதுவும் சொந்த மாப்பிள்ளையை, ஒருவன் எதிரிக்கு விட்டுக்கொடுக்கிறான் என்றால் என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். சனிக்கிழமையே ரெய்னெலைக் கூப்பிட்டு உட்கார வைத்து விசாரிப்பார்கள். அவன் ஆட்டம் ஆயுளுக்கும் முடிந்துபோகும்.

அப்படி முடிந்துபோனால் யமிலே இங்கேயே இருப்பாள். செவ்வாய்க்கிழமைகளில் வருவாள். பேரப்பிள்ளை இந்தக் கொல்லையில் தவழும்.

அதையும் அவர் நினைத்தார். நினைக்கவில்லை என்று நான் சொன்னால் பொய். ஒரு பெயரை எழுதாமல் விட்டால் போதும், மகள் தங்கிவிடுவாள். யாரையும் காட்டிக்கொடுக்கக்கூட வேண்டாம். அந்த எண்ணம் வந்ததற்கே அவருக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது, ஆனால் எண்ணம் போகவில்லை. சாப்பாட்டைத் தொடவில்லை. இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அந்த எறும்புக்காவது நடுவில் நிற்கக் கொஞ்சம் இடம் உண்டு.

புதன்கிழமை அவர் பூங்காவுக்குப் போகாமல் இருந்திருக்கலாம். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள் என்று போனார். தவளை தன் வாயால் கெட்ட கதை அங்கேதான் நடந்தது.

ஃபெர்மின் வழக்கம்போலச் சீண்டினார். "என்ன பெரிசு, கன்னுக்குட்டி இன்னைக்காவது குனிஞ்சுதா?"

எவெலியோ வாயைத் திறந்தார். திட்டு வரவில்லை. பதிலாக வேறொன்று வந்தது.

"நல்ல பையன் அவன். கை அவ்வளவு மென்மை, பந்துக்கே வலிக்காது. என் பொண்ணை ஒரு நாளும் அழவிட்டதில்லை. நல்லா இருக்கணும்."

சிகரெட் பற்ற வைக்கப் போன ஒருவன் தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். ஃபெர்மின் அவரை ஒரு மாதிரி பார்த்தார்.

"பையனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா எவெலியோ?"

முப்பது வருஷத்தில் ஃபெர்மின் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது நிதியாவின் சாவன்று மட்டும்தான். எவெலியோவுக்கு அப்போதுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. நேற்று முன்தினம் சினைமாடு, இன்றைக்குத் தங்கக் கம்பி. உயிரோடு ஊரில் இருக்கிறவனை அந்த மரத்தடியில் யாரும் இப்படிப் பேசியதில்லை. வெயில் அதிகம், தலை வலிக்கிறது என்று எதையோ உளறிவிட்டு எழுந்து வந்தார். பின்னால் ஒருவரும் பேசவில்லை. அந்த மௌனம் வீடுவரை கூடவே வந்தது.

இரண்டு நாளில் அது குழுத் தலைவர் காதுக்கும் போய்விட்டது. ஒர்தூன்யோ அவர் பெயர். முன்பு குத்துச்சண்டை நடுவராக இருந்தவர். சாதாரணமாகப் பேசினாலே தீர்ப்புச் சொல்வதுபோல இருக்கும். வெள்ளிக்கிழமை காலை மைதானத்து அலுவலகத்தில் குழுவினர் ஐந்து பேரும் உட்கார்ந்ததும் மற்ற நான்கு பெயர்களைப் பற்றி வாதம் தொடங்கியது. கேட்சர் யார் என்பதில் யாருக்கும் சண்டையில்லை. இரண்டாவது பேஸுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. நடு மைதானத்தில் ஓட்டக்காரனா மட்டைக்காரனா என்று ஒருவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துபோய் மறுபடி வந்தார். எவெலியோ பிட்சருக்கு ஓர் இடம் விட்டுக்கொடுத்தார். நான்கு பெயர் ஆயிற்று. ஒர்தூன்யோ பேனாவை மேசைமேல் வைத்தார்.

"ஷார்ட். நீங்கதான் சொல்லணும் எவெலியோ. பூங்காவுல மாப்பிள்ளையை ரொம்பப் புகழ்ந்தீங்களாமே?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். துனியெர் என்று இன்னொரு பையன் இருக்கிறான், பத்தொன்பது வயசு, அவனைப் போடலாம் என்று சொல்ல நான்கு சொற்கள் போதும். சொன்னால் அணிக்கு நியாயம் செய்ததாகும். மகளும் தங்கிவிடுவாள். அந்த நான்கு சொற்கள் அவர் வாய்க்குள்ளேயே நின்றன. சட்டையைப் பிழிந்துகொண்டு நின்ற பெண்ணுக்குக் கொடுத்த வாக்கு அதற்கும் முன்னால் வந்து நின்றது.

"புகழ்ந்தேனா? நானா?" என்றார் அவர். "அந்த ஃபெர்மினுக்குக் காதுல முடி அடைச்சிருக்கு, அதை முதல்ல வெட்டிக்கச் சொல்லுங்க. அந்தத் தண்டச்சோறு பந்தைப் பிடிக்கிறதே பந்து அவன்மேல பரிதாபப்பட்டுத்தான். போன மாசம் ஒரு பந்தைக் காலுக்கு நடுவுல விட்டுட்டு வானத்தைப் பாக்கிறான், அங்க இருந்து திரும்பி வரும்னு. எங்க வீட்டுச் சோத்தைத் தின்னு தின்னு இடுப்பு பெருத்துப்போச்சு. எழுதுங்க, முதல் பேரா அவனையே எழுதுங்க. நகரத்துக்காரன்கிட்ட விட்டா அங்க போய் நம்ம மானத்தை வாங்குவான். இங்கயே கிடந்து சாகட்டும்."

அறையில் சிரிப்பு வெடித்தது. ஒர்தூன்யோகூடச் சிரித்துவிட்டார். பேனாவை எடுத்து முதல் வரியில் எழுதினார். எவெலியோ கோணல் விரல்களால் பேனாவைப் பிடித்துக் கீழே கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து மைதானத்துச் சுவரோரம் நின்று வாந்தி எடுத்தார். உள்ளே ஒன்றுமில்லை, வெறும் காப்பித் தண்ணீர்.

திங்கட்கிழமை காலை பயிற்சிக்கு ரெய்னெல் வரவில்லை. மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. சாயந்திரம் அரசாங்க ஆட்கள் இரண்டு பேர் எவெலியோவின் வீட்டுக்கு வந்து, மரியாதையாகவே கேட்டார்கள்.

"உங்களுக்கு முன்கூட்டியே தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா அவனை முதல் பேரா எழுதியிருப்பேனா?" என்றார்.

அதற்கு மேல் அவர்களிடம் கேள்வி இல்லை. தெரிந்தே தன் ஊர் அணியைக் கெடுக்கிறவன் உண்டா? ஆக, கிழவனுக்குத் தெரியாது. ஆக, கிழவன் ஏமாளி. துரோகி என்ற பெயருக்குப் பதில் முட்டாள் என்ற பெயர் கிடைத்தது. டிப்போ வேலையும் நிலைத்தது. குழுவிலிருந்து மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள்.

துனியெரைக் குவியலிலிருந்து நகரத்துக்காரன் தூக்கிக்கொண்டான். புது அணி முதல் ஒன்பது ஆட்டங்களில் எட்டில் தோற்றது. ஷார்ட் இடத்தில் இவனை நிறுத்தினார்கள், அவனை நிறுத்தினார்கள், பந்து எல்லோரையும் தாண்டிப் போயிற்று. ரசிகர்கள் அந்த இடைவெளிக்கு 'மாப்பிள்ளை சந்து' என்று பெயர் வைத்தார்கள். பந்து அதில் உருண்டு போகும்போதெல்லாம் பக்கத்து வரிசைக்காரன் எவெலியோவின் தொடையில் தட்டி, "பெரிசு, உன் வாசல் வழியாப் போகுது பாரு," என்பான். மட்டைக்காரன் நடையைப் பார்த்து முழங்கால் வலியைச் சொல்கிறவருக்கு, வீட்டுக்குள் இருந்தவனைத் தெரியவில்லையே என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும் என்று அவரும் உட்கார்ந்திருந்தார். உண்மை தெரியும் என்று சொன்னால் குற்றம், சொல்லாவிட்டால் கேலி. பூங்காவில் அவர் இப்போது யாரைப் பற்றிக் கருத்துச் சொன்னாலும் ஒருவரும் கேட்பதில்லை. ஃபெர்மின் மட்டும் ஒரு நாளும் கேலி செய்யவில்லை. ஏன் என்று எவெலியோ கேட்கவுமில்லை.

அவர்கள் போன ஏழாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தெருவில் நடப்பதையெல்லாம் மேலிடத்துக்குச் சொல்கிற தெருக் கமிட்டியின் தலைவி ஒதாலிஸ் ஓடிவந்தாள். தெருவுக்கே அவள் வீட்டில்தான் டெலிபோன்.

"மாமா, உங்க பொண்ணு. சீக்கிரம் வாங்க, லைன் நிக்காது."

அவள் வீட்டு முன்னறையில் அவள் புருஷன், மாமியார், டொமினோ ஆட வந்த இரண்டு பேர். எவெலியோ உள்ளே வந்ததும் காய் போடுவதை நிறுத்திவிட்டார்கள். அவர் ரிசீவரைக் காதில் வைத்தார்.

"அப்பா, பொண்ணு பொறந்திருக்கு. ரெண்டு நாளாச்சு. நிதியான்னு பேரு வச்சிருக்கோம்."

"சந்தோஷம்மா. நீ எப்படி இருக்கே?"

"இருக்கேன். அவனுக்குப் பயிற்சி, வெளியூரு, பாதி நாள் வீட்டுல கிடையாது. எனக்கு இங்க யாரையும் தெரியாது." குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது. "அப்பா, அன்னிக்குத் துணி துவைக்கும்போது நான் எதுக்கு உன்கிட்ட சொன்னேன்னு நெனச்சே?"

ஒதாலிஸ் இரண்டடி தள்ளி நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போகாதேன்னு நீ ஒரு வார்த்தை சொல்லுவேன்னுதான் சொன்னேன். எனக்குப் போகவே இஷ்டமில்லை. அப்பா விடமாட்டேங்கிறாருன்னு அவன்கிட்ட சொல்லிட்டு நின்னுடலாம்னு வந்தேன். வேற ஒண்ணும் சொல்லமாட்டியான்னுகூடக் கேட்டேன். நீ சால்வை எடுத்துட்டுப் போன்னுட்டே. ஏன்பா? நான் உனக்கு வேணாமா?"

அவருக்கு அங்கேயே தரையில் விழுந்து அழ வேண்டும்போல் இருந்தது. வேணும்டி என்று சொல்ல வேண்டும். உன்னைக் காப்பாற்றத்தான் நான் வாயை மூடிக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். அதில் எதைச் சொன்னாலும் அவருக்கு முன்பே தெரியும் என்பது அந்த அறையில் ஐந்து பேருக்கும் தெரிந்துவிடும். ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இங்க எல்லாரும் நல்லா இருக்கோம்," என்றார்.

"அப்பா?"

"நேரத்துக்குச் சாப்பிடு. குழந்தையைப் பாத்துக்கோ."

அந்தப் பக்கம் அவள் அழுகிற சத்தம் கேட்டது, பிறகு லைன் அறுந்த சத்தம். அவர் ரிசீவரை உடனே வைக்கவில்லை. யாரோ பேசிக்கொண்டிருப்பதுபோல் இரண்டு தடவை தலையாட்டிவிட்டு, அப்புறம் வைத்தார்.

"என்ன மாமா கேட்டா இவ்வளவு நேரம்?" என்றாள் ஒதாலிஸ்.

"ஷார்ட்டுல இப்ப யாரு நிக்கிறாங்கன்னு கேட்டா," என்றார் எவெலியோ.

டொமினோக்காரர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். ஒதாலிஸின் மாமியார்கூடப் பல்லில்லாத வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர்கள் சிரித்து முடிக்கிறவரைக்கும் எவெலியோவும் கூடவே நின்று சிரித்தார்.